பச்சோந்திக்கு வரைந்த கூட்டில் மூன்று வருடமாகக் குருவிகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் விறாந்தையில் நிற்கிற கூடு குருவிக்கு என்று செய்ததே இல்லை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானின் மகன் ஒரு பச்சோந்தி வளர்க்கிறான். யேமன், சவூதிப் பக்கத்து இனம், தலையில் கொண்டை வைத்தாற்போல ஒரு மேடு இருக்கும். 2022இல் ஒரு நாள் வீடியோ கோலில் அது இலையில் தொங்கிய தண்ணீர்த் துளியை நக்கிக் குடித்ததைப் பார்த்ததிலிருந்து என் மகனுக்கும் அது வேண்டும். சட்டியில் தண்ணீர் வைத்தால் அது பெரும்பாலும் திரும்பியும் பார்க்காதாம். இலையில் தெளித்தால்தான் குடிக்குமாம். அதுவே இவனுக்குப் பெரிய அதிசயம்.

"இஞ்சையும் மன்னார்க் காட்டில இருக்காம் அப்பா. ஆரிட்டையும் சொல்லிப் பிடிப்பிப்பமோ?"

இருக்கிறதுதான். இலங்கையின் வடமேற்கு உலர் வலயத்தில் நம்முடைய பச்சோந்தி இன்னும் இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்து வீட்டில் அடைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனத்தை எடுப்பிப்பதும் நம்மைப் போன்ற ஆட்களுக்குச் சரிவராது. இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு 'லவ் பேர்ட்ஸ்' என்று முடிவானது. இங்கே எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது உண்மையில் பட்ஜி, அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இருக்கிற சின்னக் கிளிச் சாதி, நாங்கள் சும்மா குருவி என்போம். அசல் லவ் பேர்ட் ஆபிரிக்காவில் இருக்கிற வேறொரு சாதி. கடையில் இதைத் திருத்தப் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதற்குள் மகன் மச்சானிடம் கூட்டின் அளவை வாங்கிக் கொப்பியில் படமும் கீறிவிட்டான். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம், நாலு பக்கமும் வலை. வளர்ந்த பச்சோந்திக்கு அதுதான் அளவாம். அளவு கையில் இருக்கிறதே என்று நானும் யோசிக்காமல் அதையே வெல்டிங் கடையில் கொடுத்தேன். கரண்ட் வெட்டும், கியூஆர் அட்டை காட்டி அளவாக வாங்குகிற பெற்றோலுமாக இருந்த காலம். ஓகஸ்டில் கொடுத்த வேலை ஒக்டோபரில்தான் கைக்கு வந்தது. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம், அரை அங்குலக் கண் வலை, கீழே இழுக்கிற தட்டு. எல்லாமாக 35,000 ரூபாய்க்குக் கிட்ட முடிந்தது.

நாலு குருவி விட்டோம். ஒரு கிழமை பார்த்ததில் நாலும் மேலே இருந்த தடியை விட்டு அசையவில்லை. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, கீழே மூன்றடி வெறும் காற்று. சாப்பாட்டுக்கு மட்டும் வலையைச் சொண்டால் கவ்விக் கவ்வி இறங்கும், அப்படியே ஏறும். எச்சம் நேரே கீழே இருந்த தினைக் கிண்ணத்துக்குள் விழும். பச்சோந்தி ஏறுகிற பிராணி, அதற்கு உயரம் வேண்டும். குருவி பக்கவாட்டில் பறக்கிறது, அதற்கு நீளம் வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து கிழமை எடுத்தது. அதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த வீட்டு ஐயா ஒரு பின்னேரம் வந்து நின்று பார்த்துவிட்டு, "உது என்ன தம்பி, கிணத்துக்கை குருவியை விட்ட மாதிரி" என்றார்.

அன்று பின்னேரமே குருவிகளைக் காட்போட் பெட்டிக்குள் மாற்றிவிட்டுக் கூட்டைப் பக்கவாட்டில் சரித்து வைத்தோம். நாலடி உயரம் நாலடி நீளமாகிவிட்டது. திரும்ப விட்டதும் நீலக் குருவி இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு ஒரே பாய்ச்சல், திரும்பியும் ஒரே பாய்ச்சல். மகன் கை தட்டினான். தட்டும் போய்விட்டதால் வெல்டரைக் கூப்பிட்டுக் கீழ்ப்பக்கத்தில் புதுத் தட்டுக்குத் தண்டவாளம் ஒட்டினோம், அதற்கு வேறாக 4,000. பிணைச்சல் மேலே போனதால் கதவு மேல்நோக்கித் திறக்கிறது. கையை எடுத்தால் தானாக விழுந்து மூடும். கிண்ணம் மாற்றும்போது மகன் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்பான். அது குறைபோலத் தெரிந்தாலும், கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகிற பேச்சுக்கே இடமில்லை.

கதவு விழுகிறது சரி. சாப்பாட்டுக் கிண்ணம் வைக்கிற சின்னத் தகட்டுக் கதவை நான் எண்ணியே பார்க்கவில்லை. பட்ஜி சொண்டை அடியில் கொடுத்து அதைத் தூக்கும், தலை போகிற அளவு இடைவெளி வந்ததும் நுழைந்துவிடும். மஞ்சள் குருவி அப்படித்தான் போனது. ஐயா வீட்டு மாமரத்தில் இருந்ததைக் கண்டோம். ஏணி எடுக்கப் போவதற்குள் காகங்கள் கலைத்துவிட்டன. இப்போது ஒவ்வொரு தகட்டுக் கதவிலும் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் ஒன்று. செலவு பெரிதாக வராது.

வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்குபவர்கள் கண்ணளவை மட்டும்தான் பார்க்கிறார்கள், நானும் அப்படித்தான். அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அதைவிடப் பெரிய கண் என்றால் குருவித் தலை மாட்டும், எலிக்குஞ்சும் சின்னப் பாம்பும் நுழையும். ஆனால் பிரச்சினை கண்ணில் இல்லை, பூச்சில் இருந்தது. புது ஜிஐ வலையில் நாகம், அதாவது துத்தநாகம் பூசியிருக்கும். அது அங்கங்கே சொட்டாகத் திரண்டும், வெள்ளைத் தூளாகப் பூத்தும் நிற்கும். குருவி நாள் முழுக்க வலையைச் சொண்டால் கொறிக்கிறது, அந்தத் துகள் வயிற்றுக்குள் போகிறது. முதல் மாதமே பச்சைக் குருவி இறகை உப்பிக்கொண்டு கீழே குந்திவிட்டது, சாப்பாட்டைக் கக்கியது. மிருக வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கூடு புதுசோ?" அது தப்பவில்லை. நாகம்தான் கொன்றது என்று சோதித்து யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவே மற்றக் குருவிகளை எடுத்துவிட்டு, வினாகிரியில் தும்புப் பிறஷை நனைத்து நனைத்து முழு வலையையும் தேய்த்தேன். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் விட்டேன். தேய்த்த தண்ணீர் பால் மாதிரி ஓடியது. புதுக் கூடு எடுக்கிறவர்கள் குருவி வாங்குவதற்கு முதலே இதைச் செய்துவிடுங்கள். வலைக்குப் பெயின்ற் அடித்து மூடலாம் என்றும் நினைக்க வேண்டாம், பெயின்றையும் கொறிக்கும்.

தடிகளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கடையில் தந்த வழுவழுப்பான உருளைத் தடிகளில் ஒரே மொத்தத்தில் (தடிப்பில்) நாள் முழுக்க இருந்தால் காலடியில் புண் வரும். வேப்பங்கொப்பும் கொய்யாக் கொப்பும் வெட்டிக் கழுவிப் போட்டேன். ஒரு தொங்கல் விரல் மொத்தம், மற்றத் தொங்கல் பெருவிரல் மொத்தம் என்று இருந்தால் நல்லது. கொய்யாத் தடி நாலைந்து மாதம் நின்றுபிடிக்கும். வேம்பு இரண்டு மாதத்தில் பட்டை உரிந்து எலும்பு மாதிரி வெளுக்கும், ஆனால் உரிக்கிறதுதானே அதுகளுக்குச் சந்தோசம். முருங்கைத் தடி வேண்டாம், மாரியில் உளுத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. முருங்கை இலை மட்டும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கல்சியத்துக்குக் கடையில் விற்கிற வெள்ளைக் கட்டியும் தேவையில்லை. கணவாய் ஓடுதான் உலகம் முழுக்க இதற்குக் கொடுக்கிறார்கள். நாங்கள் பாசையூருக்குக் கிட்ட இருக்கிறோம், வீட்டில் கணவாய்க் கறி வைக்கிற நாளில் ஓடு சும்மா கிடைக்கும். இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, மெத்தென்ற பக்கம் குருவியைப் பார்க்கக் கட்டிவிடுங்கள். கனடாவில் மச்சான் இதையே டொலர் கொடுத்து வாங்குகிறார் என்று கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு!

அப்புறம் காலநிலை. இங்கே கூட்டின் குணம் வாங்கின அன்று தெரியாது. ஒரு சித்திரை, ஒரு சோளகக் காற்று, ஒரு மாரி போக வேண்டும்.

முதல் சித்திரையில் விறாந்தைத் தகரத்துக்குக் கீழே கூடு நின்றது. மத்தியானம் குருவிகள் சொண்டைத் திறந்து, சிறகைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டு, தொண்டை துடிக்க இருக்கும். தகரத்துக்கு மேலே இரண்டு அடுக்குக் கிடுகு போட்டேன். கையைத் தூக்கித் தகரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது. கிடுகு ஒரு மாரிக்கு மேல் தாங்காது, வருடா வருடம் மாற்ற வேண்டும். கூட்டுக்குள் ஒரு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் குளிக்கும். பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலை நான் கைவிட்டுவிட்டேன். வெயிலில் ஒழுகுகிறது, எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு மாதத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து வாய் அடைபடுகிறது. மண்சட்டியில் படிந்தால் சுரண்டிவிடலாம்.

சோளகம் தொடங்கினால் பிரச்சினை குருவிக்கு இல்லை, வீட்டுக்கு. தினை உமி கூட்டுக்குள் நிற்காது. முற்றத்தில் பாயில் மிளகாய் காயும், அம்மா சுளகோடு வந்து நிற்பா. "தம்பி, உந்தக் குருவியளின்ரை உமி முழுக்க என்ரை மிளகாயிலைதான் கிடக்கு. எதை நான் புடைக்கிறது?" கூட்டின் அடியில் சுற்றிவர எட்டங்குலத்துக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தகடு அடித்த பிறகு முக்கால்வாசி குறைந்தது. மிச்சத்துக்குக் கூட்டைத் திருப்பி வைக்காமல் மிளகாய்ப் பாயை நகர்த்தினோம்.

எறும்புக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கூட்டின் நாலு காலையும் தண்ணீர் ரின்னுக்குள் வைப்பது ஊரறிந்த முறை. நானும் வைத்தேன், எறும்பு நின்றது. 2023 மாரிக்குப் பிறகு டெங்கு பார்க்க வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) குரோட்டன் சட்டிகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, குருவியை ரசிக்கக் குனிந்தவர் ரின்னுக்குள் ரோச் அடித்தார். நாலிலும் நுளம்புக் குடம்பி நெளிந்தது. வழக்குப் போடாமல் எச்சரிக்கையோடு விட்டார். அதோடு ரின் முறைக்கு முற்றுப்புள்ளி. கழிவு ஒயில் விட்டுப் பார்த்தேன், கூடு கழுவுகிற நாளில் முற்றமெல்லாம் எண்ணெய். இப்போது கால்களில் இரண்டங்குலத்துக்கு கிறீஸ் வளையம். சோளகத் தூசி ஒட்டி அது காய்ந்துபோனால் எறும்பு அதற்கு மேலாலேயே நடந்து போகும், அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசுகிறேன். எறும்புச் சோக்கட்டி மட்டும் கூட்டுக்குக் கிட்டவும் வேண்டாம், அது நஞ்சு.

மாரியில் முதல் வருடம் பயத்தில் நாலு பக்கமும் தறப்பாள் கட்டினேன். நனையவில்லை, ஆனால் உள்ளே ஈரமும் எச்ச நாற்றமும் அடைந்து, தட்டில் சிந்திய தினையில் பூஞ்சணம். வாடையும் கொண்டலும் அடிக்கிற இரண்டு பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும், மற்ற இரண்டும் திறந்திருக்க வேண்டும். இங்கத்தையக் குளிருக்கு வளர்ந்த குருவிக்கு லைற்றும் ஹீற்றரும் தேவையில்லை. 2024 நவம்பரில் ஃபெங்கல் புயல் நேரம் முற்றத்துத் தண்ணீர் விறாந்தைப் படி ஏறியபோதுதான் கூட்டின் பாரம் எங்களுக்குத் தெரிந்தது. மூன்று பேர் சேர்ந்து தூக்கி ஹோலுக்குள் வைத்தோம், வாசல் நிலையில் ஒரு மூலை இடித்த வடு இன்னும் இருக்கிறது. ஐந்து நாள் ரிவியோடு போட்டி போட்டுக் கத்தின. இன்னொருமுறை செய்வித்தால் சில்லு வைக்கச் சொல்வேன்.

முட்டையிட முட்டி (சின்ன மண்பானை) கட்டுவதா இல்லையா என்பது உங்கள் விருப்பம். நாங்கள் ஒரு வருடம் கட்டினோம். ஒன்றுவிட்ட நாள் ஒரு முட்டை என்று ஐந்து இட்டு, பதினெட்டு நாளில் பொரிக்கத் தொடங்கியது. இரண்டு ஈட்டில் பதினொன்றாகிவிட்டன. நாலடிக் கூட்டுக்கு அது அதிகம், சண்டை பிடித்து ஒன்றின் காலைக் கடித்தன. ஐந்தைச் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு முட்டியைக் கழற்றினேன். இப்போது ஆறு, கூட்டுக்கு அளவு.

மூன்று வருடத்தில் சட்டம் அப்படியே இருக்கிறது, மேல் வலையும் பக்க வலையும் நல்லது. கீழ் வலைதான் போய்விட்டது. எச்சம், கழுவுகிற தண்ணீர், கடல் காற்று மூன்றும் சேர்ந்து, தட்டுக்கு மேலே இருந்த வலை ஒரு மூலையில் கையால் உடைகிற அளவுக்குத் துருப்பிடித்திருக்கிறது. போன சனிக்கிழமை வெல்டரிடம் கேட்டேன். கீழுக்கு மட்டும் துருப்பிடிக்காத வலை போட்டால் விலை கூட என்கிறார். கீழ் வலையே இல்லாமல் தட்டில் பழைய உதயன் பேப்பரை விரித்து விட்டுவிடலாமோ என்று நானும் யோசிக்கிறேன். ஆனால் தட்டை இழுத்தால் வெளியே வர வழி கிடைத்துவிடும், மஞ்சள் குருவி போன கதை திரும்பவும் நடக்கும் என்கிறான் மகன். அது சரிதான். ஐப்பசி மழை தொடங்க முதல் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். அதுவரை அந்த மூலையில் ஒரு பிஸ்கற் ரின் மூடியைக் கம்பியால் கட்டியிருக்கிறேன். நீலக் குருவி காலையில் அதன் மேல் போய் நின்று தட்டிப் பார்க்கிறது.