நரிட்டாவில் ஏழு மணி நேரம்: ஊருக்குப் போகும் வழியில்

அமெரிக்கா, கனடாவின் மேற்குக் கரையிலிருந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு டோக்கியோ வழி நல்ல வழி. ஆல் நிப்பான் விமான நிறுவனம் 2019 அக்டோபரில் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திலிருந்து சென்னைக்குத் தொடங்கிய நேரடி விமானம் கொரோனாக் காலத்தில் நின்றுபோனது, அதனால் இப்போது என்ன இணைப்பு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு ஸ்ரீலங்கன் இருக்கிறது. ஆனால் இணைப்பு விமானம் எப்போதும் கையோடு கிடைப்பதில்லை. நடுவில் ஆறு, ஏழு, சில நேரம் பத்து மணி நேரம்கூட நரிட்டாவில் காத்திருக்க வேண்டி வரும்.

அந்த நேரத்தில் டோக்கியோவுக்கு ஓடாதீர்கள். விமான நிலையம் டோக்கியோவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஸ்கைலைனர் ரயில் நாற்பது நிமிடத்துக்குள் டோக்கியோவின் நிப்போரி நிலையத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பது உண்மைதான். அதன் பிறகு வண்டி மாற வேண்டும், பெரிய நிலையங்களில் வாசல் தேட வேண்டும், திரும்பும் வண்டிக்கு இருக்கை எடுக்க வேண்டும். போக வர மூன்று மணி நேரம் ரயிலுக்கும் நடைமேடைக்குமே போய்விடும். பத்து மணி நேரம் கையில் இல்லையென்றால் டோக்கியோவை மறந்துவிடலாம். விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த நரிட்டா ஊர் ரயிலில் பத்து நிமிடம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான கோயிலும் அதற்குப் போகும் கடைத்தெருவும் அங்கே இருக்கின்றன. ஏழு மணி நேரத்துக்கு அது தாராளம்.

முதலில் கடவுச்சீட்டு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் உள்ளே போகலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். கிரீன் கார்டோ கனடா பி.ஆர். அட்டையோ இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை. ஒரே குடும்பத்தில் பிள்ளைகள் அமெரிக்கக் கடவுச்சீட்டிலும் தாத்தா பாட்டி இந்தியக் கடவுச்சீட்டிலும் வந்தால், வெளியே போகும் திட்டம் அங்கேயே உடைந்துவிடும். இதை டிக்கெட் எடுக்கும்போதே யோசிக்க வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் வசிப்பவர்கள் ஜப்பானின் மின்விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அந்த விசாவை இணையத் தொடர்பில் இருக்கும் கைபேசித் திரையில்தான் காட்ட வேண்டும். அச்செடுத்த தாளையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்க மாட்டார்கள். அதனால் இறங்கியதும் விமான நிலைய வைஃபையில் இணைந்துகொள்ளுங்கள். விசா இல்லாமலேயே கொஞ்ச நேரம் வெளியே போய்வர ஷோர் பாஸ் என்று ஓர் அனுமதி இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் விமான நிறுவனம் கேட்டு, குடிவரவு அதிகாரி மனம் வைத்தால்தான் கிடைக்கும். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இன்னொரு பெரிய பள்ளம், டோக்கியோவின் மற்றொரு விமான நிலையமான ஹனேடாவில் இறங்கி நரிட்டாவில் ஏறும் டிக்கெட். பயண இணையதளங்கள் இரண்டையும் ‘டோக்கியோ’ என்றே காட்டும். இரண்டும் நகரத்தின் இரு வேறு பக்கங்களில் இருப்பவை. நடுவே பேருந்திலோ ரயிலிலோ ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்கு ஜப்பானுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். விசா இல்லாதவரைப் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். டிக்கெட்டில் நரிட்டாவுக்கான என்.ஆர்.டி. என்ற குறி வரவிலும் புறப்பாட்டிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினாலும் இதே வம்புதான். பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க நீங்கள் வெளியே வந்தாக வேண்டியிருக்கும். ஒரே டிக்கெட் என்றால் பெட்டியின் சீட்டில் எம்.ஏ.ஏ. அல்லது சி.எம்.பி. என்று கடைசி ஊர் அச்சாகியிருக்கிறதா என்று புறப்படும் கவுன்டரிலேயே பார்த்துவிடுங்கள்.

நேரக் கணக்கு இப்படி. விமானத்திலிருந்து இறங்கி நடந்து, குடிவரவில் நின்று, சுங்கம் தாண்ட ஒன்றேகால் மணி நேரம். பையை லாக்கரில் வைத்து, கொஞ்சம் பணம் எடுக்க இருபது நிமிடம். ரயிலுக்குக் காத்திருந்து ஊர் போய்ச் சேர அரை மணி. திரும்பும்போது, அடுத்த விமானம் புறப்பட மூன்று மணி நேரம் இருக்கும்போதே நரிட்டா ரயில் நிலையத்தில் நிற்க வேண்டும். ஏழு மணி நேரத்தில் இவையெல்லாம் போக, ஊருக்குள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிஞ்சும். கோயிலுக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாக இருக்கும். ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி என்றால் உள்ளேயே இருந்துவிடுவது நல்லது. ஒன்றாம், இரண்டாம் முனையங்களில் கட்டணத்துக்குக் குளியலறையும் ஓய்வறையும் கிடைக்கும். இவ்வளவு நீண்ட பயணத்துக்கு நடுவில் ஒரு வெந்நீர்க் குளியல் சின்ன விஷயமில்லை.

குடிவரவு வரிசையைச் சுருக்க ஒரு வழி உண்டு. ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற அரசுத் தளத்தில் புறப்படும் முன்பே விவரங்களை நிரப்பி, கியூஆர் கோடைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடம் கேட்கும் இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். தங்கவில்லை, அன்றே புறப்படுகிறோம் என்பதையும் அடுத்த விமான எண்ணையும் தந்தால் போதும். 16 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவருக்குக் கைரேகையும் படமும் எடுப்பார்கள். அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் கேட்டதும் காட்டும்படி வைத்திருங்கள்.

கைப்பையில் என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வெளியே வந்தால் ஜப்பானியச் சுங்கத்தைத் தாண்டுகிறீர்கள். அமெரிக்காவில் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆடரால் மாத்திரை ஜப்பானுக்குள் அறவே கூடாது, மருந்துச் சீட்டு இருந்தாலும் கூடாது. சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரைகளுக்கும், அமெரிக்கக் கடைகளில் விற்கும் விக்ஸ் இன்ஹேலருக்கும் அங்கே தடை. விமானத்தில் கொடுத்த இறைச்சி சாண்ட்விச்சை மிச்சம் வைத்துக் கையில் கொண்டுபோகக் கூடாது. ஊரிலிருந்து திரும்பும் வழியில் இறங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்புக்கண்டம், மாம்பழம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை எதுவாக இருந்தாலும் சிக்கல்தான். பைகளை மோப்பம் பிடிக்கச் சின்ன நாய்களோடு அலுவலர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்.

லாக்கர் எல்லா முனையங்களிலும் உண்டு, அளவுக்கேற்பச் சில நூறு யென். லாக்கர் நிரம்பிவிட்டால் பை வைக்கும் கவுன்டரைப் பாருங்கள். கவுன்டருக்கு மூடும் நேரம் உண்டு, அதைக் கேட்டுவிட்டு ஒப்படையுங்கள். கோயிலுக்குப் போகும் தெருவில் சின்னக் கடைகள் பல ரொக்கமே கேட்கும். செவன் பேங்க் ஏ.டி.எம். வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். ஆளுக்கு 5,000 யென் இருந்தால் சாப்பாடு, ரயில் எல்லாம் அடங்கும்.

ரயிலில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். வேகமான வண்டியைப் பிடிப்போம் என்று ஸ்கைலைனரிலோ அக்செஸ் எக்ஸ்பிரஸிலோ ஏறினால், அவை 2010-ல் திறந்த வேறு பாதையில் போகும். நரிட்டா ஊர் நிலையத்தில் நிற்கவே நிற்காது. நீங்கள் ஏற வேண்டியது கெய்செய் ரயில் நிறுவனத்தின் மெயின் லைன். ‘கெய்செய் நரிட்டா’ என்பதுதான் நிலையத்தின் பெயர். ஒன்றாம் முனையத்திலிருந்து பத்து நிமிடம், கட்டணம் 300 யென் அளவில். மணிக்கு மூன்று வண்டி வரை கிடைக்கும். ஜே.ஆர். என்ற இன்னொரு ரயில் நிறுவனத்தின் வண்டியும் போகிறது, ஆனால் ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான். அங்கும் நரிட்டா எக்ஸ்பிரஸைத் தவிர்த்து, சாதாரண விரைவு வண்டியில் ஏறுங்கள். மூன்றாம் முனையத்தில் ரயில் நிலையம் இல்லை. அங்கே இறங்கியவர்கள் இரண்டாம் முனையத்துக்கு நடந்தோ இலவசப் பேருந்திலோ வர வேண்டும்.

நிலையத்திலிருந்து கோயில் வரை ஓமோத்தேசாந்தோ தெரு, ஏறக்குறைய 800 மீட்டர், கடைசியில் வளைந்து வளைந்து கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் மரக் கட்டடங்களும் விலாங்கு மீன் கடைகளும் வரிசையாக நிற்கும். கவாதோயோ என்ற கடை 1910-லிருந்து இருக்கிறது. அதன் வாசலிலேயே ஆட்கள் உட்கார்ந்து மீன் வெட்டுவார்கள். விலாங்கின் தலையைப் பலகையில் ஆணியால் குத்தி நிறுத்தி, முதுகுப் பக்கமாக ஒரே இழுப்பில் பிளந்து, நடு முள்ளை உருவி எடுத்துவிடுவார்கள். பிறகு கம்பி கோத்துச் சுட்டு, ஆவியில் வேகவைத்து, இனிப்புச் சோயாச் சாற்றில் தோய்த்து மறுபடி சுடுவது கிழக்கு ஜப்பானின் முறை. ஆவியில் வைப்பதால் மீன் பஞ்சு மாதிரி இருக்கும். சோற்றின் மேல் வைத்த ஒரு பெட்டி சில ஆயிரம் யென் ஆகும். மத்தியான வேளையில் எண் சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும். அதனால் போகும்போதே சீட்டை எடுத்து, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக்கொண்டு கோயிலுக்குப் போங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டம்தான், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஜப்பானில் காய்கறி மட்டும் மிதக்கும் நூடுல்ஸ் சாற்றிலும் தாஷி என்ற கொதிநீர் இருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது, நம் மாசிக் கருவாட்டின் உறவு. ‘இறைச்சி இல்லை’ என்று கடைக்காரர் சொன்னாலும் இந்த மீன் சாறு இருக்கலாம். ‘தாஷி இல்லாமல்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதியதைக் கைபேசியில் வைத்துக் காட்டிக் கேளுங்கள். இல்லை என்றால் மரியாதையாக இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கைகொடுப்பது யோகான். பயறு, சர்க்கரை, நாம் சைனா கிராஸ் என்று வாங்கும் கடற்பாசி சேர்த்துக் கட்டியாக்கிய இனிப்பு இது. அல்வாவை விட இறுக்கம், நெய் கிடையாது. 1899-ல் தொடங்கிய யோனேயா கடை இந்தத் தெருவில்தான் இருக்கிறது, கஷ்கொட்டை சேர்த்த யோகான் அவர்களுடைய பெயர் பெற்ற சரக்கு. வெள்ளரி வகைக் காய்க்குள் ஷிசோ இலையில் சுற்றிய மிளகாயைத் திணித்துச் சோயாவில் ஊறவைத்த தெப்போசுகே ஊறுகாயும் நம் நாக்குக்கு ஏற்றது. பசிக்கு, கன்வீனியன்ஸ் கடைகளில் உமே என்ற புளிப்புக்காய் வைத்த ஒனிகிரி சோற்று உருண்டை ஓரளவு நம்பகமானது. இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் வீட்டிலிருந்தே சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் கட்டிக்கொண்டு வரலாம், ஆனால் தொக்கு 100 மில்லி வரம்புக்குள் இருக்கட்டும்.

கோயிலின் பெயர் நரிட்டாசான் ஷின்ஷோஜி. 940-ல் நிறுவப்பட்டது, ஷிங்கோன் பௌத்தப் பிரிவைச் சேர்ந்தது. மூலவர் ஃபுதோ மியோ, சமஸ்கிருதத்தில் அசலர். கையில் வாளும் பாசக் கயிறும், பின்னே தீச்சுவாலையும் உண்டு. இங்கே தினமும் சில முறை கோமா என்ற தீ வழிபாடு நடக்கும். நம் ஹோமத்திலிருந்து சீனா வழியாகப் போன சடங்கு. அன்றைய நேரங்கள் கோயிலின் இணையதளத்தில் இருக்கும். அதைப் பார்த்து ஊருக்குள் வரும் நேரத்தை வகுத்துக்கொண்டால், மற்ற எதுவும் பார்க்காவிட்டாலும் வந்த பயன் கிடைத்துவிடும். காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெரிய மண்டபத்துக்குள் உட்காரலாம், கட்டணம் இல்லை. குருமார் வரிசையாக நுழைவார்கள். பெரிய முரசு அதிர ஆரம்பிக்கும், நடுவில் மரக்குச்சிகளை அடுக்கி மூட்டிய தீ தலை உயரத்துக்கு எழும். மந்திர ஒலி சமஸ்கிருதத்தின் சாயலோடு காதில் விழும். முடிவில் மக்கள் வரிசையாக வந்து கைப்பைகளைக் கொடுப்பார்கள். குருமார் அவற்றைத் தீயின் பக்கம் காட்டித் திருப்பித் தருவார்கள். நீங்களும் நிற்கலாம், யாரும் தடுப்பதில்லை. மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. மொத்தம் அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே 1712-ல் கட்டிய மூன்றடுக்குக் கோபுரத்தை நின்று பாருங்கள். வண்ணம் பூசிய மரச்செதுக்கல் அவ்வளவு நெருக்கமானது. நேரம் மிஞ்சினால் பின்னால் உள்ள பூங்கா. கோயில் வாசலைத் தாண்டியதும் செங்குத்தான கல் படிகள் வரும், முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிப்போகும்போது நினைவில் வையுங்கள். விமான நிலையத்தில் கொடுத்த சக்கர நாற்காலி உதவி வெளியே வந்ததும் முடிந்துவிடும். சனவரி முதல் மூன்று நாட்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். புத்தாண்டுக் கும்பிடுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும், தெருவில் கால் வைக்க இடமிருக்காது. மாலை ஐந்து மணிக்கு மேல் தெருக்கடைகள் மூடத் தொடங்கும். சாயங்காலம் இறங்குகிறவர்கள் ஏயோன் மாலுக்குப் பேருந்தில் போய் மளிகை, உடுப்பு பார்ப்பது உத்தமம்.

கழிப்பறை பற்றிக் கேட்பவர்களுக்கு: விமான நிலையத்தில் பெரும்பாலும் தண்ணீர் பீச்சும் பொத்தானோடுதான் இருக்கும். ஊருக்குள் எல்லா இடத்திலும் அதை எதிர்பார்க்க முடியாது. குப்பைத் தொட்டி தெருவில் அநேகமாக இல்லை, ஒரு காலிப் பை வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கெய்செய் நரிட்டா நிலையத்தில் வண்டியின் முகப்பைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஷிபயாமா-சியோடா என்று போட்டிருக்கும் வண்டி வேறு கிளையில் போகும், முனையங்களுக்கு வராது. சரியான வண்டி முதலில் இரண்டு, மூன்றாம் முனையங்களுக்கான நிலையத்தில் நிற்கும், கடைசி நிலையம்தான் ஒன்றாம் முனையம். ஆல் நிப்பான் ஒன்றில், ஜப்பான் ஏர்லைன்ஸ் இரண்டில். கூட்டத்தோடு கூட்டமாக முதல் நிலையத்தில் இறங்கிவிட்டால் இருபது நிமிடம் போச்சு. தெப்போசுகே, மிசோ மாதிரி நீர்ச்சத்துள்ளவற்றைக் கடைத்தெருவில் வாங்கியிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். வேண்டுமானால் சோதனை தாண்டியபின் உள்ளே இருக்கும் கடைகளில் வாங்குங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் சென்னைக்குப் போகிறவர்களிடம் ஓ.சி.ஐ. அட்டையோ இந்திய விசாவோ கேட்பார்கள். அது லாக்கரிலிருந்து எடுத்த பையின் அடியில் இல்லாமல் கடவுச்சீட்டோடு சேர்ந்தே இருக்கட்டும்.