கூகுள் தேடல் விளம்பரமா, முகநூல் பூஸ்ட்டா? வன்னியின் சிறுகடைக்காரருக்கு ஓர் அலசல்

கிளிநொச்சியில் நீர்ப்பம்பி விற்பனையும் திருத்தமும் செய்கிறோம். முகநூல் பதிவை பூஸ்ட் செய்வது (பணம் கட்டி அதிகம் பேருக்குக் காட்டுவது), கூகுள் தேடலில் கிளிக்குக்குப் பணம் கட்டுவது என்று இரண்டு வழியிலும் விளம்பரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இப்போது தேடல் விளம்பரத்தை மட்டுமே வைத்திருக்கிறோம். எங்கள் தொழிலுக்கு அதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம்.

முகநூலின் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல படம் ஒன்று இருந்தால் சில நிமிடங்களில் பூஸ்ட் போட்டுவிடலாம். ஊரில் பெயர் பரவும். புடவைக் கடைக்கும் கேக் செய்பவருக்கும் அது போதும். ஆனால் பம்பி ஓடிக்கொண்டிருப்பவருக்குத் திருத்துபவர் தேவையில்லை. சிறுபோக வெயிலில், விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் வைத்திருப்பவரின் மோட்டார் எரிந்துபோனால், அவர் கைத்தொலைபேசியில் தேடும் அந்த நிமிடத்தில் எங்கள் எண் அவர் கண்ணில் பட வேண்டும். தேடல் விளம்பரத்தில் நாம் வாங்குவது அந்த நிமிடத்தைத்தான்.

அது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு தேடலுக்கும் கூகுள் உடனே ஓர் ஏலம் நடத்துகிறது. அதிக விலை சொன்னவரே முதலிடம் பெறுவார் என்றில்லை. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, மக்கள் அதைத் தொடுவார்களா, தொட்டவர் போய்ச் சேரும் பக்கம் பயனுள்ளதா என்று தரமும் பார்க்கப்படுகிறது. எளிமையாக்கிச் சொன்னால், ஒருவர் கிளிக்குக்கு 60 ரூபாய் சொல்கிறார், தரம் 3, பெருக்கினால் 180. இன்னொருவர் 40 ரூபாய்தான் சொல்கிறார், தரம் 6, பெருக்கினால் 240. இரண்டாமவர் மேலே வருவார். அவர் கட்டுவதும் 40 ரூபாய் அல்ல. 180ஐத் தாண்டத் தேவையான 30 ரூபாய்க்குச் சற்று மேலே மட்டும். நிஜக் கணக்கில் வேறு காரணிகளும் சேரும், ஆனால் அடிப்படை இதுதான். விளம்பரம் கண்ணில் பட்டதற்குக் கட்டணம் இல்லை, தொட்டால்தான் உண்டு.

ஒரு நாளைக்குச் செலவிட நாம் வைக்கும் வரம்பைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 500 ரூபாய் என்று வைத்தால் ஏதோ ஒரு நாள் 1000 ரூபாய் வரை போகலாம். மாதத்துக்கு அதன் 30.4 மடங்கை, அதாவது 15,200 ரூபாயை, தாண்டாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பராமரிப்பு. பூஸ்ட்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். தேடல் விளம்பரத்தை அப்படி விட்டால் பணம் கரைந்துவிடும். எந்தச் சொல்லைத் தேடினால் விளம்பரம் வர வேண்டும் என்று நாம்தான் கொடுக்கிறோம். 'பம்ப்' என்ற சொல்லை அகலப் பொருத்தத்தில், அதாவது தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரம் வரும்படி, கொடுத்தால் சைக்கிள் பம்ப் தேடுபவரும் பெற்றோல் நிலையம் தேடுபவரும் அதற்குள் வரக்கூடும். ஆகவே தொடக்கத்தில் சொற்றொடரை மேற்கோள் குறிக்குள்ளோ சதுர அடைப்புக்குள்ளோ கொடுத்துப் பொருத்தத்தை இறுக்குங்கள். பிறகு வாரம் ஒருமுறையாவது தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து பாருங்கள். மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து உங்களிடம் வந்தார்கள் என்பது அதில் இருக்கும். 'வேலைவாய்ப்பு', 'பாடநெறி', 'சைக்கிள்' போன்ற வேண்டாத சொற்களை எதிர்மறைச் சொற்பட்டியலில் சேருங்கள்; அந்தச் சொற்கள் உள்ள தேடலுக்கு விளம்பரம் வராது. இந்தப் பட்டியலுக்கு ஒத்த பொருளுள்ள சொற்களைக் கூகுள் தானாகச் சேர்ப்பதில்லை. நம்மவர்கள் தமிழைத் தமிழ் எழுத்திலும் தேடுவார்கள், ஆங்கில எழுத்திலும் தேடுவார்கள். இரண்டு வடிவத்தையும் நீங்களே கொடுக்க வேண்டும். இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க முடியாதவர் தேடல் விளம்பரத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. அவருக்கு பூஸ்ட்தான் பாதுகாப்பு.

வன்னிக் கடைகளுக்கு இன்னொரு பராமரிப்பும் உண்டு. விளம்பரம் எந்த இடத்தவருக்கு வர வேண்டும் என்ற இடத் தெரிவில் கிளிநொச்சியைக் குறித்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் தானாக இருக்கும் அமைப்பில், அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களும் அடங்குவார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு கிளிநொச்சியைத் தேடும் நம் உறவுகள் எத்தனை பேர்! வீடு கட்டிக் கொடுப்பவருக்கும் காணி விற்பவருக்கும் அவர்கள்தான் வாடிக்கையாளர்கள், அப்படியே விடலாம். எரிந்த மோட்டாரைத் திருத்துபவருக்கு அந்த கிளிக் வீண் செலவு. அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றி, நகரை மையமாக வைத்து 30 கிலோமீற்றர் வட்டம் போட்டால் பரந்தனும் தர்மபுரமும் விசுவமடுவும் உள்ளே வந்துவிடும். பெற்றோரின் கிணற்றுக்குப் பம்பி வாங்கிக் கொடுக்க விரும்பும் பிள்ளைகளுக்குத் தனி விளம்பரம், தனி வரம்பு வைப்பதே முறை.

முகநூலில் நான் பயன்படுத்தியது பூஸ்ட் பொத்தானை மட்டுமே. அதன் விரிவான விளம்பரக் கருவியில் எனக்கு அனுபவம் போதாது. துணி, உணவு, திருமணச் சேவை போன்ற தொழில்களில் என் முடிவு மாறக்கூடும். எந்தத் தொழிலானாலும் பணம் போடும் முன் கூகுள் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் படிவம் நிரப்புவோர் குறைவு, நேரே அழைப்பவர்களே அதிகம். விளம்பரத்தோடு தொலைபேசி எண்ணை இணைத்தால் அதைத் தொடுவதும் ஒரு கிளிக்தான். கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் எண் தோன்றும்படி அட்டவணை வைத்துவிடுங்கள். பூட்டிய கடையில் யாரும் எடுக்காத அழைப்புக்கும் அதே கட்டணம்தான்.