கயோலினா, எலும்புச் சாம்பலா? சூளையில் நிமிர்ந்து நிற்கும் பீங்கான் எது

பீங்கான் எத்தனை டிகிரியில் வேகிறது என்பதை விட, வெந்ததற்கும் சரிந்து விழுவதற்கும் நடுவே எத்தனை டிகிரி இடைவெளி இருக்கிறது என்பதுதான் முக்கியம். கலவைக்குக் கலவை அது மாறும்.

கெட்டிப் பீங்கானின் வழக்கமான கலவை பாதி கயோலின் என்ற வெள்ளைக் களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்ற உருகும் தாது, கால் பங்கு குவார்ட்ஸ். 500, 600 டிகிரி வாக்கில் கயோலினுக்குள் கட்டுண்ட நீர் வெளியேறும். 1150-ஐத் தாண்டினால் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகும். அப்போதே கயோலினிலிருந்து முல்லைட் என்ற ஊசிப் படிகங்கள் வளர்ந்து, கண்ணாடிக்குள் பின்னிக்கொண்டு பாத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஜெர்மனியின் மைசன் பீங்கான் 1400 டிகிரி வரை போயும் நிமிர்ந்து நிற்பது இதனால்தான். ஒன்று கவனியுங்கள்: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் தரும் கண்ணாடி குழம்பாக, கெட்டியாக இருக்கும். அதே எடைக்குச் சோடா ஃபெல்ட்ஸ்பார் போட்டால் கண்ணாடி இளகி, தட்டின் விளிம்பு சீக்கிரமே தொங்கிவிடும்.

போன் சைனா கதையே வேறு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் ஸ்டோக்கில் ஸ்போட் என்ற பீங்கான் தயாரிப்பாளர் நிலைநிறுத்திய கலவை அது: பாதி எலும்புச் சாம்பல், மீதியில் கயோலினும் ஃபெல்ட்ஸ்பார் அடங்கிய கார்ன்வால் கல்லும். 1240 டிகிரியை ஒட்டி வேகும். அதுவரை ஒன்றும் ஆகாதது போல் இருந்து, திடீரென்று இளகும். கொஞ்சம் கூடினாலும் கோப்பையின் கைப்பிடி தன் பக்கம் இழுத்து, வாய் நீள்வட்டமாகிவிடும். அதனால்தான் கோப்பைகளை வாயோடு வாய் கவிழ்த்தும், தட்டுகளை அலுமினாப் பொடியில் பதித்தும் சுடுவார்கள். அப்புறம் இன்னொரு தொல்லை: முதல் சூட்டிலேயே துளைகள் அடைபட்டுவிடுவதால் கிளேஸை (பளபளப்பான மேற்பூச்சை) அது உறிஞ்சாது. ஆனால் கிளேஸ் சூடு 1100-க்குள் முடிவதால் வண்ணங்கள் பிழைக்கும். கெட்டிப் பீங்கானின் 1400-ல் கோபால்ட் நீலம் போல ஒரு சில நிறங்களே தாங்கும்.

பிரான்சின் பழைய மென்பீங்கான் இவற்றை விட மோசம். அரைத்த கண்ணாடிக் கலவைதான் அதில் பெரும்பங்கு, தாங்கிப் பிடிக்க ஆளே இல்லை. 1768-ல் லிமோஜ் அருகே கயோலின் கிடைத்ததும் செவ்ர் தொழிற்சாலை படிப்படியாகக் கெட்டிப் பீங்கானுக்கு மாறியதில் வியப்பில்லை.

உங்கள் சூளையில் மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் போன் சைனாவைத் தொடாதீர்கள். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் கலவையை 1280-ல் சுடுங்கள், அந்த வித்தியாசத்தை அது பொறுத்துக்கொள்ளும்.