டிஃப் லாக் லைட் மினுக்குனா: சென்சார் மாத்துறதா, கப்ளர் கழுவுறதா, ஜம்பர் அடிக்கிறதா?

போன ஐப்பசியில முத்துப்பேட்டை பக்கம் ஒரு இறால் பண்ணைக்கு தீவன மூட்டை ஏத்திட்டு போனேன். ராத்திரி பூரா மழை, குட்டைக்கு நடுவுல போற கரை முழுக்க களிமண்ணு, பின் டயர் ஒண்ணு சும்மா சுத்துது இன்னொண்ணு அசையவே இல்ல. ஃபோர் லோ (நாலு சக்கரத்துக்கும் மெதுவான, பலமான கியர்) போட்டு டிஃப் லாக் (பின் டயர் ரெண்டையும் சேத்தே சுத்த வைக்கிற பூட்டு) பட்டனை அமுக்குனா லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. கடைசியில பண்ணைக்காரரோட டிராக்டர்தான் இழுத்துச்சு. கயித்தை அவுத்துக்கிட்டே டிரைவர் அண்ணன் சொன்னாரு, "எங்களுக்கு டிஃப் லாக்குன்னா குதிகாலால மிதிக்கிற ஒரு பெடலு தம்பி. உங்களுக்கு பட்டன், லைட்டு, சென்சாரு எல்லாம் இருக்கு, ஆனா கயிறு மட்டும் நாங்க கொண்டாரணும்." எங்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம் ஒரு மாசம் இதே அலைச்சல். வண்டி பேரு வேணாம், பின் ஆக்ஸில்ல சின்ன மோட்டார் வச்சு லாக் பண்ற வகைன்னு வச்சுக்குங்க. ஆளுக்கு ஒரு வழி சொன்னாங்க, ரெண்டை செஞ்சே பாத்தேன், மிச்சத்தை மத்தவங்க வண்டியில பாத்தேன்.

மொதல்ல ஒண்ணு, லைட் மினுக்குறது எல்லாமே ரிப்பேர் இல்ல. மோட்டார் ஃபோர்க்கை தள்ளும், அது ஒரு பல்லு வச்ச வளையத்தை தள்ளும், பல்லும் பல்லும் நேரா வந்தாதான் உள்ள விழும். விழுந்ததும் கிரௌன் ஹவுசிங்ல (பின் ஆக்ஸில் நடுவுல இருக்கிற கியர் கூடு) இருக்கிற பொசிஷன் சுவிட்ச், அதாவது நாம சென்சாருன்னு சொல்றது, கம்ப்யூட்டருக்கு சொல்லும், அப்பதான் லைட் நின்னு எரியும். அதனால ஸ்டியரிங்கை லேசா இடம் வலம் ஒடிச்சு ரெண்டடி முன்ன பின்ன நகத்தி பாருங்க, பாதி பேருக்கு இதுலயே தீந்துடும். லாக்கை எடுக்கும்போதும் அப்படித்தான், ஆக்ஸில் முறுக்கிக்கிட்டு நின்னா விடாது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா விட்டுடும்.

அப்பவும் நிக்கலைன்னா லாக் நிஜமாவே விழுதா, இல்ல விழுந்தும் சென்சார் பொய் சொல்லுதான்னு பிரிச்சு பாக்கணும். இதை நான் பண்ணாம விட்டதுதான் என் தப்பு. முன் டயர் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் நல்ல கட்டை குடுத்து, பின்பக்கம் ஆக்ஸிலை ரெண்டு டயரும் தரையை விட்டு எழும்புற மாதிரி தூக்கி ஸ்டாண்டுல நிறுத்துங்க, ஜாக்கியை மட்டும் நம்பி கிட்டக்க போகாதீங்க. ஹேண்ட்பிரேக்கை எடுத்துட்டு ஃபோர் லோ போட்டு சாவி ஆன்ல வைங்க, இன்ஜின் ஆஃப். இப்ப ஒரு பின் டயரை கையால சுத்துங்க. லாக் விழலைன்னா எதிர்ப்பக்க டயர் திருப்பி சுத்தும். பட்டனை அமுக்கி திரும்ப சுத்திப்பாத்து ரெண்டும் கல்லு மாதிரி நின்னுடுச்சுன்னா லாக் விழுந்துடுச்சு, லைட் மட்டும்தான் மினுக்குது, அப்ப கோளாறு சுவிட்ச்லயோ வயர்லயோதான். எதிர் டயர் இன்னும் திருப்பி சுத்துனா மோட்டாரையும் ஃபோர்க்கையும் பாருங்க. இதுக்கு கால் மணி நேரம் போதும், காசு செலவே இல்ல.

நான் என்ன பண்ணேன்? இதெல்லாம் பாக்காம நேரா காயலாங்கடைக்கு போயி பழைய மோட்டார் அசெம்ப்ளி வாங்கிட்டு வந்தேன். பழைய சாமானுக்கு ஒரே நல்லது விலைதான், புதுசுல கால்வாசி கூட இல்ல. கடையில வச்சே பேட்டரியில தொட்டு காமிச்சாங்க, ங்கொய்ய்ன்னு சுத்துச்சு, நானும் சந்தோஷமா தூக்கிட்டு வந்துட்டேன். சுத்துறது வேற, லோடோட தள்ளுறது வேறங்கிறது மாட்டுனப்புறம்தான் தெரிஞ்சுது. உள்ள தண்ணி பூந்து கியர் பல்லு துரு ஏறியிருந்துச்சு. பழைய மோட்டார் வாங்கியே ஆகணும்னா மூடியை கழட்டி உள்ள பாக்காம காசு குடுக்காதீங்க. சென்சாரை மட்டும் பழசா வாங்குறது சுத்த வேஸ்ட், அதே உப்புக்காத்துல வருசக்கணக்கா கெடந்த சாமான்தானே அதுவும்.

அடுத்தது ஜம்பர். இதுக்கு ரசிகர்கள் அதிகம். சென்சார் கப்ளரை (வயரை சொருகுற இணைப்பு) கழட்டி ரெண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால இணைச்சு விட்டா, வண்டி எப்பவும் லாக் விழுந்திருக்குன்னு நெனச்சுக்கும், மினுக்கு நின்னுடும். எனக்கும் ஒருத்தர் பத்து நிமிசத்துல பண்ணித்தரேன்னாரு. பிரச்சனை என்னன்னா அந்த சிக்னல் லைட்டுக்கு மட்டும் போறதில்ல. டொயோட்டா மாதிரி வண்டிகள்ல பின் டிஃப் லாக் விழுந்தா ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் ஒதுங்கிக்கும், மேனுவல்லயே போட்டிருக்கான். அந்த மாதிரி வண்டியில ஜம்பர் அடிச்சுட்டு கார்த்திகை மழையில தஞ்சாவூர் நாகப்பட்டினம் ரோட்டுல போறீங்க, முன்னாடி ஒரு மாடு குறுக்க வருது, பிரேக்கை அமுக்குறீங்க, ஏபிஎஸ் தூங்குது. அதோட லாக் நிஜமா எடுத்துடுச்சா இல்லையான்னு சொல்ல லைட்டும் இல்ல, தார் ரோட்டுல லாக்கோட வளைச்சா டயர் தேயும் ஆக்ஸில் முறியும்.

ஜம்பர்ல இன்னொரு ரகம், தனி சுவிட்ச் வச்சு மோட்டாருக்கு நேரா 12 வோல்ட் குடுக்கிறது. மோட்டார் வகையில எங்க நிக்கணும்னு சொல்ல ஆளில்லாம தள்ளிக்கிட்டே இருந்து கருகிடும். ஜீப் ராங்லர் ரூபிகான் மாதிரி காயில் (மின்காந்தம்) வகையில கரண்ட் இருக்கிறவரைக்கும் பிடிக்கும், எடுத்தா விட்டுடும், அதனால அங்க நடுக்காட்டுல மாட்டிக்கிட்டா ஒரு தடவை வெளிய வர்றதுக்கு ஒத்துக்கலாம். வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும். நிரந்தரமா வச்சு ஓட்டுறவங்க வண்டியில நான் ஏற மாட்டேன்.

புது ஒரிஜினல் சென்சார் நல்ல வழிதான், மறுக்கல. ஆனா இங்க பெரிய ஊர்லயே ஸ்டாக் இருக்காது, ஆர்டர் போட்டு காத்திருக்கணும், சம்பா நேரத்துல வண்டி நின்னா யாரு சும்மா இருப்பா. விலையை விட எனக்கு உறுத்துனது வேற. புது சென்சாரை அதே பச்சை பூத்த கப்ளர்ல சொருகுனா அடுத்த மழைக்கு அதே கதைதான்.

கடைசியா செஞ்சதுதான் மொதல்ல செஞ்சிருக்க வேண்டியது. மன்னார்குடியில ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் மாமா, வயசானவரு, கீழ படுத்து டார்ச் அடிச்சு பாத்துட்டு கப்ளரை பிரிச்சாரு. உள்ள ரெண்டு பின்னும் பச்சையா பூத்து கெடக்கு, ரப்பர் சீல் கிழிஞ்சு உள்ள கட்டிப்போன சேறு வேற. வயரை லேசா இழுத்தாரு, மேல தோல் நல்லாத்தான் இருக்கு, உள்ள செம்பு கருத்து பொடியா கொட்டுச்சு. "சென்சார் உயிரோடதான்டா இருக்கு மாப்ள, அதுக்கு வாய்தான் இல்ல"ன்னாரு. சென்சார் பின்னுல மீட்டர் வச்சு பட்டனை அமுக்க சொன்னாரு, லாக் விழுந்தா பீப், எடுத்தா சத்தம் இல்ல, கச்சிதமா மாறுது. சில வண்டியில இது தலைகீழா இருக்கும், மாறுதாங்கிறதுதான் கணக்கு. மூணு வயர் வர்ற சென்சாரா இருந்தா இந்த பீப் டெஸ்ட் செல்லாது, ஸ்கேனர்தான் போடணும்.

கருத்த வயரை வெட்டி எறிஞ்சு புது வயர் பத்தவச்சு, கப்ளர் மாத்தி, சீலுக்குள்ள சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுனாரு. சாமானும் கூலியும் சேத்து பழைய மோட்டாருக்கு நான் அழுததுல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. அப்புறம் கிரௌன் ஆயில் பிளக்கை லேசா தொறந்தாரு, பால் டீ கலர்ல வருது. ஆக்ஸில் ப்ரீதர் ஓட்டை சேத்துல அடைச்சிருக்கு. சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணில எறங்குனா உள்ள காத்து சுருங்கும், மேல மூச்சு விட வழியில்லன்னா சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். எத்தனை சென்சார் மாத்தினாலும் இதை சரி பண்ணலைன்னா துரு உள்ளருந்தே வரும். இப்ப ப்ரீதருக்கு ஒரு ஹோஸ் போட்டு டெயில் லைட்டுக்கு பின்னாடி வரைக்கும் ஏத்தியாச்சு.

எங்க பக்கத்துக்குன்னே இன்னொரு கேசும் இருக்கு, எலி. அறுவடை முடிஞ்சு வைக்கோல் போருக்கு பக்கத்துல வண்டியை போட்டா வயரை கடிச்சு வைக்கும். அதுக்கும் ஸ்கேனர்ல சென்சார் ஃபால்ட்டுன்னுதான் வரும்.

சென்சாரே இல்லாத வண்டிக்கு மாறிடலாமேன்னு கேப்பீங்க. ஃபோர்ஸ் கூர்காவுல லிவரை இழுத்தா லாக், மஹிந்திரா தார்ல சில மாடல்ல ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர், ரெண்டு சக்கரத்துக்கும் சுமார் 100 ஆர்பிஎம் வித்தியாசம் வந்தா தானா பிடிச்சிக்கும். இது தானா பிடிக்கிறதால எப்ப பிடிக்கும்னு நம்ம கையில இல்ல, ஆனா கப்ளர் பூக்குற கவலை இல்ல. சேத்துலயே பொழப்புன்னா எனக்கு கூர்கா லிவர்தான் பிடிச்சிருக்கு. மாசத்துல ரெண்டு தடவை கரையில எறங்குறதுக்காக ஓடுற வண்டியை வித்துட்டு மாறுறது அதிகப்படி.

நம்ம வண்டி இந்த மழைக்கு நாலு தடவை அதே பண்ணைக்கு போயிட்டு வந்துடுச்சு, லைட் ரெண்டு மினுக்கு மினுக்கி நின்னுடுது. அந்த பழைய மோட்டார் கொட்டகையில சாக்கு சுத்தி கெடக்கு. யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்குங்க, பேட்டரியில தொட்டா நல்லா சுத்தும்.