ஏழு வருடம், மூன்று இடம்: அப்பாவின் பத்மினியை ஈரத்திலிருந்து காப்பாற்றிய அனுபவம்

அப்பாவின் 1978 பிரீமியர் பத்மினி கார் என் கைக்கு வந்தபோது சேலம் அழகாபுரம் வீட்டில் அதை நிறுத்த இடம் இல்லை. தெருவில் கவர் போட்டு விட மனசு வரவில்லை. இந்த ஏழு வருடத்தில் மூன்று இடங்கள் மாற்றியிருக்கிறேன். சேலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் "எங்கே நிறுத்துறீங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காக, பட்டதைச் சொல்கிறேன்.

முதல் இடம் ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில், உறவினரின் காப்பித் தோட்டத்து ஷெட். வாடகை கிடையாது. குளிர்ச்சியான இடம், பெயின்ட் வெளுக்காது, ரப்பர் வெடிக்காது என்று கணக்குப் போட்டேன். தகரக் கூரை, சிமெண்ட் தரை. ஒரு சொட்டு மழை உள்ளே வராது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சூடாகாமல் ஏறி வந்த வண்டியை அங்கே நிறுத்திவிட்டு நிம்மதியாகத்தான் இறங்கினேன்.

மழை வரவில்லை, பனிமூட்டம் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் கதவிடுக்கு வழியாக மேகம் வீட்டுக்குள்ளேயே வரும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்பின் மேல் காலையில் கொஞ்சம் சூடான ஈரக்காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் மாதிரி கார் வேர்க்கிறது. தகரக் கூரையின் அடிப்பக்கமும் வேர்த்துக் கவர் மேல் சொட்டுகிறது. நான் போட்டிருந்தது பிளாஸ்டிக் கவர். அடியில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லை.

முதல் வருடம் சீட்டில் படிந்த பூஞ்சையைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் வருடம் தை மாதம் போய்க் கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு நாற்றம். மிதியடியைத் தூக்கினேன். அடியில் இருந்த சணல் விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. அதற்கும் கீழே, அப்பா வருஷா வருஷம் தன் கையால் கறுப்பு பெயின்ட் அடித்து வந்த தகட்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். கட்டை விரலால் அழுத்தினேன். செதில் செதிலாக உதிர்ந்தது. ஓட்டை வழியே கீழே சிமெண்ட் தரை தெரிந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போனது இன்னொரு தவறு. பிரேக் ஷூ ட்ரம்மோடு ஒட்டிக்கொண்டு பின் சக்கரம் அசையவில்லை. கீழேயிருந்து வந்த மெக்கானிக் ட்ரம்மைத் தட்டிக்கொண்டே, "இதுக்கு நம்ம ஊரு வெயில்லயே விட்டிருக்கலாம் தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. ஏற்காடு சேலத்தைவிட ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம், எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. காற்றில் அதே அளவு நீராவி இருந்தாலும் மேலே அது பனியாகப் படியும், கீழே காற்றோடு போய்விடும். பத்மினிக்குப் பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், அதாவது தனி சேஸிஸ், கிடையாது. தரைத் தகடும் பாடியும் சேர்ந்ததுதான் அதன் பலம். அதனால் பட்டி பூசி மறைக்காமல், அழுகிய பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தோம். டிங்கரிங் செலவில் இரண்டு வருட வாடகையே கட்டியிருக்கலாம்.

இரண்டாவது இடம் சூரமங்கலம் பக்கம் ஒரு குடோனில் பாதி. மறுபாதியில் உர மூட்டைகள். உரம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசியும், அந்த உப்பு இரும்பைத் தின்னும். எட்டு மாதத்தில் கிரோம் பம்பரில் புள்ளி விழுந்தது, உடனே காலி செய்தேன்.

அதற்கப்புறம்தான் இடம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அம்மாப்பேட்டையில் தறி ஓடுவது நின்றுபோன ஒரு தறிக்கூடம் காட்டினார்கள். வீட்டுக்கார அம்மா, "கோடையிலயும் தரை ஜில்லுனு இருக்கும் கண்ணு" என்று ஆசையாகச் சொன்னார். ஒரு முழ அகலப் பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பிரித்தால் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி, தரையிலிருந்து ஏறிய ஈரம். யோசித்தால் அது இயல்புதான். காற்று வறண்டால் பாவு நூல் அறும், அதனால் தறிக்குழியும் கூடமும் ஈரம் காக்கும்படி அமைந்தவை. நெசவுக்கு அருமையான இடம், காருக்கு ஆகாது.

இப்போது நான்கு வருடமாக வண்டி நிற்பது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வெல்ல மண்டியில். வெல்லம் ஈரம் பட்டால் இளகிவிடும். அதனால் கட்டியவர்கள் தரையை ரோட்டிலிருந்து இரண்டடி உயர்த்தி, தடித்த செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, ஓடு வேய்ந்து, மேலே காற்றுப் போக இடுக்கு விட்டிருக்கிறார்கள். பகலில் சட்டென்று சூடாகாது, ராத்திரி சட்டென்று குளிராது, அதனால் இரும்பு வேர்ப்பதில்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன ஈரமானி வைத்திருக்கிறேன். வருடத்தில் பெரும்பாலும் 50, 60 சதவீதத்துக்குள் நிற்கிறது. அடைமழையில் 68 வரை போனதுதான் அதிகம். என்னைக் கேட்டால் கூரையைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள். அந்தக் கட்டடத்தில் முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்றும் விசாரியுங்கள்.

பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காடாத் துணியில் தைத்த கவர்தான் போடுகிறேன். ஹேண்ட் பிரேக் போடுவதில்லை, சக்கரத்துக்குக் கட்டை. நீண்ட நாள் ஓட்ட முடியாது என்று தெரிந்தால் டயரில் பத்து பவுண்டு காற்றுக் கூடுதல், பேட்டரி வீட்டுக்கு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. குழாய்களை மாற்றிவிட்டேன், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடுவதில்லை.

வாரம் ஒரு தடவை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன் அணைத்தால் எரிபொருள் எரிந்து வரும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். நான் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஓமலூர் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. காலை பத்து மணிவரை சந்தை லாரிகள் நிற்கும், வண்டியை எடுக்க முடியாது. சித்திரையில் ஈரமானி 30-க்கும் கீழே இறங்கி, கதவு ரப்பர் பீடிங் வெடித்துவிட்டது. அதற்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. தரையில் ஊறிய வெல்லப் பாகுக்கு எறும்பு வருவது நிற்கவில்லை, சக்கரத்தைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போட்டு வைக்கிறேன்.

மண்டியை இடித்துக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இன்று குகைப் பக்கம் ஒரு பழைய தானியக் கிடங்கைப் பார்த்தேன். சுவர் நன்றாக இருக்கிறது, தரையைத்தான் நம்ப முடியவில்லை. பாலிதீன் ஷீட்டை ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலை போய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும்.