ஏ.பி.எல்.ஏ. மட்டும் போதுமா, முழு இம்யூன் பேக்கேஜா?

கரு ஒரு முறைக்கு மேல் கலைந்துபோனவர்கள் சென்னையில் இரண்டு டாக்டரைப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு விதமான சீட்டோடு வீடு திரும்புவார்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஒருவர் எழுதியது ஏ.பி.எல்.ஏ. (ரத்தத்தை எளிதில் உறையவைக்கும் ஆன்டிபாடிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்), தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன், தேவைப்பட்டால் இருவருக்கும் குரோமோசோம் டெஸ்ட். இன்னொருவரின் சீட்டு, நோய் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கும் 'இம்யூன்' டெஸ்டுகளாக ஒரு பக்கம் முழுக்க ஓடியது: என்.கே. செல் எண்ணிக்கை, சைட்டோகைன் விகிதம், கணவன் மனைவிக்கு ஹெச்.எல்.ஏ. பொருத்தம், பிளாக்கிங் ஆன்டிபாடி. டெஸ்ட் எடுக்கும் முன்பே கீழே சிகிச்சைக்கான பேக்கேஜ் தொகையும் இருந்தது.

நாங்கள் முதல் சீட்டைப் பிடித்துக்கொண்டோம். அதற்கான காரணத்தைத்தான் எழுதுகிறேன் என்பதால் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். நான் டாக்டரும் இல்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்த பேஷன்ட், அவ்வளவுதான்.

செலவு விஷயம் எல்லோருக்கும் தெரியும். முதல் வழி ஆயிரங்களில் முடியும், இரண்டாவது லட்சங்களுக்குப் போகலாம். இருந்தும் ஏன் பலர் இரண்டாவதற்குப் போகிறார்கள்? முதல் வழியில் போன பாதிப் பேருக்கு மேல் "எல்லாம் நார்மல், காரணம் தெரியவில்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதிலோடு ஆட்டோவில் வீட்டுக்கு வருவது லேசான காரியம் இல்லை. இரண்டாவது சீட்டில் ஏதாவது ஒன்று கண்டிப்பாகச் சிக்கும். நான் பேசிப் பார்த்தவர்களில் அந்தப் பட்டியலை எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. "உங்க உடம்பு குழந்தையை எதிரியா நினைக்குதும்மா" என்று ஒருவர் சொல்லும்போது, கொடுமையாக இருந்தாலும், காரணம் கிடைத்துவிட்டதே என்று மனசு அதில் போய்ச் சாய்ந்துகொள்கிறது.

அந்த எண்ணம் ஒன்றும் கட்டுக்கதை இல்லை. கருவில் பாதி அப்பாவின் மரபணு, அப்படியிருக்க அம்மாவின் உடம்பு அதை ஏன் அந்நியப் பொருளாக ஒதுக்குவதில்லை என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953லேயே கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் நல்ல கேள்வி இருப்பதாலேயே அதற்கு மருந்தும் இருக்கிறது என்று ஆகிவிடாது.

நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: இந்த டெஸ்டின் ரிசல்ட் எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும்? ரிசல்ட் 'ஆம்' என்றால் ஒரு வழி, 'இல்லை' என்றால் வேறு வழி, அந்த முதல் வழியை மருந்து கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்றால் அந்த டெஸ்டுக்குக் காசு கட்டலாம். எப்படி வந்தாலும் அதே ஊசி, அதே மாத்திரை என்றால் எதற்கு ரத்தம் கொடுக்க வேண்டும்?

ஏ.பி.எல்.ஏ. இந்த அளவுகோலுக்குள் ஓரளவு நிற்கிறது. அதில் மூன்று டெஸ்ட்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிபின் ஆன்டிபாடி, பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் ஆன்டிபாடி. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் பாசிட்டிவாக இருந்தால்தான் கணக்கு. அது உறுதியானால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும். 1997ல் லண்டனில் 90 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. சின்ன ஆய்வுதான், பிறகு வந்த சிலவற்றில் இவ்வளவு பெரிய இடைவெளி தெரியவில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்த்த சிகிச்சை என்ற அளவில் இந்தப் பட்டியலில் முன்னால் நிற்பது இதுதான்.

அந்த 12 வாரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் முதல் ரிப்போர்ட்டில் கார்டியோலிபின் ஐ.ஜி.எம். (அந்த ஆன்டிபாடியில் ஒரு வகை) வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் 'ஹெச்' என்று ஒரு எழுத்து. லேப் போட்டிருந்த வரம்புக்குச் சற்று மேலே. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரோ, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்றுதான் முதலில் கேட்டார். வந்திருந்தது. தொற்று நோய்கள் இந்த ஆன்டிபாடிகளைக் கொஞ்ச நாளைக்கு ஏற்றிவிடுமாம். "கர்ப்பம் முழுக்க தினமும் ஊசி போடணுமா வேண்டாமான்னு இந்த ஒரு பேப்பர் முடிவு பண்ணக் கூடாதும்மா" என்றார். வீட்டில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "மூணு மாசம் சும்மா உட்காரச் சொல்றாங்களா? வயசு நிக்குமா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் மறுபடி எடுத்தபோது அந்த வரி சாதாரண எழுத்துக்கு இறங்கிவிட்டது. ஊசி இல்லை. டெஸ்ட் என் சிகிச்சையை மாற்றியது என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: கரு தங்கிக் கலைபவர்களுக்கான டெஸ்ட் இது. கருவே ஒட்டாமல், டிரான்ஸ்ஃபருக்குப் (ஐ.வி.எஃப்.பில் கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது) பிறகு ஒவ்வொரு முறையும் பீட்டா, அதாவது கர்ப்பத்துக்கான ரத்த டெஸ்ட், நெகட்டிவ் வருபவர்களுக்கு இதை வழக்கமாக எடுப்பதற்கு இவ்வளவு வலுவான ஆதாரம் இல்லை.

இப்போது இரண்டாவது சீட்டு. அதில் முதலில் நிற்பது என்.கே. செல், நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளணு. 'நேச்சுரல் கில்லர்' என்ற பேரைக் கேட்டாலே பாதி பயம் வந்துவிடும். ஆனால் கையில் எடுக்கும் ரத்தத்தில் இருக்கும் என்.கே. செல்லும் கர்ப்பப்பையில் இருக்கும் என்.கே. செல்லும் ஒரே வகை இல்லை. கர்ப்பப்பையில் இருப்பவை கர்ப்பத்தின் தொடக்கத்தில் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகும் குழாய்களை விரிவாக்க உதவுபவை. ரத்தத்தில் எண்ணிப் பார்த்துக் கர்ப்பப்பையைப் பற்றி முடிவு சொல்வது, கோயம்பேட்டில் நிற்கும் பஸ்களை எண்ணிவிட்டு நம் தெருவுக்கு மினி பஸ் வருமா என்று சொல்வது மாதிரி. அதோடு ரத்தத்தில் உள்ள எண்ணிக்கை காலைக்கும் மாலைக்கும் மாறும், மாடிப்படி ஏறி வந்தால் மாறும், பதற்றத்தில் மாறும். ஊசிக்குக் கை நீட்டும்போது பதற்றம் இல்லாதவர் யார்?

சரி, எண்ணிக்கை கூடுதல் என்று வருகிறது. அப்புறம்? என்னோடு காத்திருந்த ஒரு பெண்ணுக்கு என்.கே. கூடுதல், இன்னொருவருக்கு அது நார்மல் ஆனால் சைட்டோகைன் சரியில்லை. இருவர் கையிலும் இருந்தது ஒரே சீட்டு: இன்ட்ராலிபிட் டிரிப், வைசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, எல்.ஐ.டி. ஊசி. என் அளவுகோல் உடைந்தது அங்கேதான்.

எல்.ஐ.டி. என்பது கணவரின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, மனைவியின் முன்கைத் தோலுக்குள் ஊசியாகப் போடுவது. நம் ஊரில் இன்னும் நடக்கிறது. 1999ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் பாதிப் பெண்களுக்கு இந்த ஊசியும் மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீரும் போட்டுப் பார்த்தார்கள். கர்ப்பம் 28 வாரத்தைத் தாண்டியவர்கள், ஊசி போட்டவர்களில் 36 சதவீதம், உப்பு நீரில் 48 சதவீதம். அதாவது போடாமல் இருந்ததே மேல். 2002ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்றது. இதை நான் கேட்டபோது கிடைத்த பதில், "நம்ம பேஷன்ட்ஸுக்கு நல்லா வேலை செய்யுது." உப்பு நீரும் 48 சதவீதம் பேருக்கு வேலை செய்ததே!

வைசோலோன் பக்கம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அதே ஸ்டீராய்டு குடும்பத்தைச் சேர்ந்த பிரெட்னிசோனை, பலமுறை டிரான்ஸ்ஃபர் தோற்ற 715 பெண்களிடம் சீனாவில் சோதித்தார்கள், 2023ல் ஜாமா இதழில் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 37.8 சதவீதம் பேருக்குக் குழந்தை, மருந்தில்லாத பொய் மாத்திரை எடுத்தவர்களில் 38.8. மருந்துப் பக்கம் குறைப்பிரசவம் 11.8 சதவீதம், மறுபக்கம் 5.5. சின்ன மாத்திரைதானே, எடுத்துக்கொண்டால் என்ன என்று நினைப்பவர்கள் அந்தக் கடைசி இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும்.

இன்ட்ராலிபிட் பற்றி அவ்வளவு உறுதியாக நான் பேச மாட்டேன். சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த கொழுப்பும் கலந்த, பால் மாதிரி வெள்ளையான டிரிப் அது. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டமாகக் கொடுக்க வந்தது. பெரிய தீங்கு கேள்விப்படவில்லை, பலன் இருக்கிறது என்று நம்பவைக்கும் அளவுக்கு நல்ல ஆய்வும் என் கண்ணில் படவில்லை. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023ல் வெளியிட்ட பரிந்துரையில், ரத்த என்.கே. டெஸ்டும் இதுவும் வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல என்றுதான் சொல்கிறது.

நான் தயங்கும் இடம் ஐ.வி.ஐ.ஜி., அதாவது பலர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடிகளை டிரிப்பாக ஏற்றுவது. பல வருடம் பலன் இல்லை என்று ஒதுக்கப்பட்ட மருந்து. 2022ல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு அதைக் கொஞ்சம் திருப்பியது. காரணம் தெரியாமல் நான்கு முறையோ அதற்கு மேலோ கலைந்தவர்களுக்கு, கர்ப்பம் உறுதியான உடனே, கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். குழந்தை பிறந்தது 58 சதவீதம், மருந்தில்லாத பக்கம் 35. நூறு பேர் அளவிலான ஆய்வுதான், ஆனாலும் தள்ளிவிட முடியாது. கணக்குப் போட்டால் 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 120 கிராம், 5 கிராம் பாட்டிலில் 24 பாட்டில். நம் பேக்கேஜ்களில் டிரான்ஸ்ஃபருக்கு முன்னால் ஒரு பாட்டில் இரண்டு பாட்டில் என்று ஏற்றுவது இந்த ஆய்வில் செய்தது இல்லை. நான்கு முறைக்கு மேல் இழந்தவராக நான் இருந்தால் என்ன முடிவெடுத்திருப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. டெஸ்டே எடுக்காமல் எகோஸ்பிரினும் (ஆஸ்பிரின்தான்) ஹெப்பாரினும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. காரணம் தெரியாமல் கலைந்தவர்களிடம் நெதர்லாந்தில் சோதித்து 2010ல் வெளியிட்டார்கள். குழந்தை பிறந்தது இரண்டும் எடுத்தவர்களில் 54.5 சதவீதம் பேருக்கு, பொய் மாத்திரையில் 57. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. குழந்தை பிறந்தது என்றால் நான் சொன்னதெல்லாம் நிரூபணமாகிவிட்டது போலவும், பிறக்கவில்லை என்றால் எல்லாம் பொய் போலவும் ஆகிவிடும். ஒருவருடைய கதையை வைத்துத்தான் பேக்கேஜ்களும் விற்கப்படுகின்றன.

ஏ.பி.எல்.ஏ. எடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஹெப்பாரின் போட்டுக்கொண்டிருக்கும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தால் ரிசல்ட் குழம்பும். ஊசி ஆரம்பிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டாவது முறையும் அதே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் வரம்பு மாறுகிறது.