நேட்டிவா, ஹைப்ரிடா: பில் அடிக்கும் ஆப்பை முன்வைத்து ஓர் அலசல்

மொபைல் ஆப் செய்யக் கொட்டேஷன் கேட்டால் இன்றைக்கு முதலில் வரும் பதில் "ஃப்ளட்டர்ல பண்ணிடலாம்" என்பதுதான். ஃப்ளட்டர் என்பது கூகுளின் ஆப் எழுதும் கருவி. ஒரே கோடு (நிரல்), ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஆகிவிடும், ஆளும் செலவும் பாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பல ஆப்களுக்கு அது உண்மையும்கூட. நாங்கள் கடைசியில் எடுத்தது நேட்டிவ், அதாவது அந்தந்த வகைப் போனுக்கென்றே உள்ள மொழியில் எழுதுவது, அதிலும் ஆண்ட்ராய்டு மட்டும், அதற்கான கோட்லின் மொழியில். அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதுதான் இங்கே விஷயம். ஆகவே நான் நடுநிலையாக எழுதப் போவதில்லை.

எந்த ஆப் என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்ல முடியாது. எங்களுடையது ஈரோட்டுப் பக்கம் மளிகை, மசாலா, எண்ணெய் விநியோகிக்கும் ஏஜென்சிகளுக்கானது. லைன் சேல்ஸ்மேன் காலையில் வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு பவானி லைன், கோபி லைன், அந்தியூர் லைன் என்று கிளம்புவார். கடை கடையாக இறங்கி, சரக்கைப் போட்டு, இடுப்பில் மாட்டியிருக்கும் சின்ன புளூடூத் பிரிண்டரில் பில் அடித்துக் கொடுப்பார். அந்தியூர் தாண்டி பர்கூர் மலைப்பக்கம் போனால் சிக்னலை நம்ப முடியாது, அங்கேயும் பில் வர வேண்டும். ஏற்கெனவே அவர்களிடம் கோர்டோவா என்ற ஹைப்ரிட் கருவியில் வேறொருவர் எழுதிக் கொடுத்த ஆப் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் கைக்கு வந்தபோது மூன்று வழிகள் இருந்தன: அதையே ஒட்டுப்போட்டு ஓட்டுவது, ஃப்ளட்டரில் புதிதாக எழுதுவது, கோட்லினில் புதிதாக எழுதுவது.

கறாராகப் பார்த்தால் ஹைப்ரிட் என்பது வெப்வியூவுக்குள், அதாவது ஆப்புக்குள் இருக்கும் பிரவுசருக்குள், ஓடும் கோர்டோவா, அயானிக் வகை மட்டும்தான். ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் வேறு ஜாதி. ஃப்ளட்டர் திரையில் உள்ளதையெல்லாம் தானே வரைகிறது, ரியாக்ட் நேட்டிவ் போனின் சொந்தப் பட்டன்களையே கூப்பிட்டுப் பயன்படுத்துகிறது. சந்தையில் எல்லாவற்றையும் ஹைப்ரிட் என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிவிட்டு, வித்தியாசம் முக்கியமாகும் இடத்தில் மட்டும் பிரிக்கிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2012-ல் ஃபேஸ்புக்கின் மார்க் ஜூக்கர்பெர்க், வெப் பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியது தங்கள் நிறுவனத்தின் மிகப் பெரிய தவறு என்று மேடையிலேயே சொன்னார். அந்தக் காலத்து வெப்வியூ அப்படி. இன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய் போனில்கூட ஃப்ளட்டர் ஆப் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பில் போடும் ஆப்புக்கு அதற்கு மேல் வேகம் எதற்கு? ஹாட் ரீலோட் வசதி (கோடை மாற்றியதும் திரையில் உடனே தெரிவது), ஆள் கிடைப்பது இதிலெல்லாம் ஹைப்ரிட்டுக்கே மார்க். கோயம்புத்தூரில் ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவரைத் தேடுவது சுலபம், நல்ல கோட்லின் ஆளைப் பிடிப்பது கொஞ்சம் சிரமம்தான்.

ஐபோன் சமாச்சாரம் எங்களுக்குச் சீக்கிரமே முடிந்துபோனது. விலை குறைந்த 2 இஞ்ச் பிரிண்டர்கள் பெரும்பாலும் பழைய புளூடூத் முறையில், சீரியல் போர்ட் வழியாகப் பேசுபவை. ஆப்பிள் கருவிகளுக்கு உரிமம் கொடுக்கும் எம்எஃப்ஐ திட்டத்தில் சேராத அப்படிப்பட்ட கருவியோடு ஐபோன் ஆப் பேச முடியாது. புளூடூத் லோ எனர்ஜி என்ற புதிய முறை இருந்தால்தான் வழி. எந்த மொழியில் எழுதினாலும் இதுதான் நிலைமை. எங்கள் சேல்ஸ்மேன்கள் அத்தனை பேரும் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் முதலாளிகள், அவர்களுக்கு வேண்டியது சாயங்காலக் கணக்கு மட்டும். அதற்கு பிரவுசரில் திறக்கும் ஒரு வெப் பக்கம் போதும். ஆக, "ஒரே கோடு, இரண்டு போன்" என்ற பெரிய லாபம் எங்கள் கணக்கில் வரவே இல்லை.

இப்போது பராமரிப்பு. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான், எழுதி முடிக்கும் செலவைப் பார்த்து முடிவு செய்தால் பாதிக் கணக்குதான் போட்டதாகும்.

பழைய ஆப் எங்கள் கைக்கு வந்ததே இந்த வழியில்தான். ஏஜென்சிக்காரர் ஒருவர் போன் செய்தார்: "ஏனுங் தம்பி, போன்ல ஒண்ணும் மாத்தலீங்க, போன வாரம் வரைக்கும் பில்லு வந்துச்சுங்களே." உண்மைதான், போனில் ஒன்றும் மாறவில்லை. மாறியது ஆப். கூகுள் பிளே ஒவ்வோர் ஆண்டும் ஆப்பின் டார்கெட் ஏபிஐ எண்ணை, அதாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்கு ஏற்ப ஆப் ஓடும் என்று சொல்லும் எண்ணை, உயர்த்தச் சொல்லும். உயர்த்தாவிட்டால் அப்டேட் ஏற்ற முடியாது. பழைய டெவலப்பர் அந்த எண்ணை 31-க்கு மேல் கொண்டுபோய் அப்டேட் விட்டிருந்தார். ஏபிஐ 31 என்பது ஆண்ட்ராய்டு 12. அதிலிருந்து புளூடூத் கருவியோடு இணைய, பயன்படுத்துபவரிடம் "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற அனுமதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டார்கெட் 30-ல் இருந்தவரை பழைய அனுமதியே செல்லும், எண்ணை ஏற்றிய அன்று செல்லாது. பிரிண்டரோடு பேசிக்கொண்டிருந்த ப்ளகின், அதாவது ஆப்பில் செருகும் துணைக் கோடு, இதைப் பற்றி ஒன்றும் அறியாது. அதை எழுதியவர் எங்கோ இருக்கும் யாரோ ஒருவர், ஓய்வு நேரத்தில் இலவசமாக எழுதிப் போட்டது, ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல் கிடந்தது.

கோட்லினில் இதற்கு வேலை எவ்வளவு? ஆப்பின் அனுமதிகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு வரி, அனுமதி கேட்கும் கோடு ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். கோர்டோவாவில் அந்த ப்ளகினின் ஜாவா (ஆண்ட்ராய்டின் இன்னொரு நேட்டிவ் மொழி) கோடைத் திறந்து, புரிந்துகொண்டு, திருத்தி, நம் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது ஹைப்ரிட் என்று எடுத்தாலும் உள்ளே இருப்பது நேட்டிவ் கோடுதான், ஆனால் அது நம்முடையது இல்லை. ஜாவா தெரியாமல் தப்பிக்கலாம் என்று ஹைப்ரிட்டுக்குப் போனவர், எதிர்பாராத ஒரு நாளில், அடுத்தவர் எழுதிய ஜாவாவைப் படிக்க வேண்டி வரும்.

இது ஒரு தடவையோடு போகிற விஷயமும் இல்லை. 2023-ல் ஏபிஐ 33, 2024-ல் 34, 2025-ல் 35 என்று ஆகஸ்ட் 31 தோறும் கெடு வருகிறது. 35-க்குப் போனதும் ஆண்ட்ராய்டு 15 போன்களில் ஆப் திரையின் விளிம்புவரை விரிந்துவிடும். கவனிக்காவிட்டால் கீழே இருக்கும் "சேமி" பட்டன் நேவிகேஷன் பாருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் 2025 நவம்பர் 1 முதல் 16 கேபி விதி: சி, சி++ மொழியில் எழுதிய லைப்ரரிகள் (ஆயத்தக் கோடு தொகுப்புகள்) உள்ளே இருந்தால், அவை 16 கேபி மெமரி பேஜ் அளவுக்கு ஏற்றபடி மறுபடி கம்பைல் ஆகியிருக்க வேண்டும். வெறும் கோட்லினில் எழுதிய ஆப்புக்கு இது உறைக்கவே உறைக்காது. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் இரண்டிலும் என்ஜினே சி++. அவர்கள் தங்கள் பக்கத்தைச் சரிசெய்துவிட்டார்கள், ரியாக்ட் நேட்டிவ் 0.77-ல் ஆதரவு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் பழைய 0.70 பதிப்பில் நின்றால்? முதலில் ஃபிரேம்வொர்க்கை ஏற்ற வேண்டும். அதை ஏற்றினால் ப்ளகின்கள் சண்டைக்கு வரும். ஒரு விதிக்காகத் தொடங்கிய வேலை பத்து இடத்தில் கை வைக்கச் சொல்லும். எங்கள் ஆப்பிலும் பார்கோடு ஸ்கேனருக்கு அப்படி ஒரு லைப்ரரி உண்டு, பதிப்பு எண்ணை மாற்றியதோடு முடிந்தது. நடுவில் வேறு ஆள் இல்லை.

நடுவில் இருப்பவர் கடையைச் சாத்திவிட்டுப் போவதும் நடக்கிறது. அடோபி, கோர்டோவா வகை ஆப்களைக் கட்டித் தந்த தன் ஃபோன்கேப் பில்டை 2020 அக்டோபர் 1-ல் மூடியது. மைக்ரோசாஃப்ட், இரண்டு போனுக்கும் சேர்த்து ஆப் எழுதும் ஸாமரினுக்கான ஆதரவை 2024 மே 1-ல் நிறுத்தியது. பிளே ஸ்டோருக்கு அனுப்பாமலே ஜாவாஸ்கிரிப்டை மட்டும் மாற்றிவிடலாம் என்று ரியாக்ட் நேட்டிவ்காரர்கள் கொண்டாடிய கோட்புஷ், மைக்ரோசாஃப்டின் ஆப் சென்டரோடு சேர்ந்து 2025 மார்ச் 31-ல் ஓய்வுபெற்றது. கூகுளும் தன் சொந்தச் சரக்கைக் கைவிடத்தான் செய்கிறது. ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைக்கு இருந்த அசிங்க்டாஸ்க் 2020-லேயே வேண்டாதது ஆகிவிட்டது, எக்ஸ்எம்எல்-இல் திரை எழுதும் பழைய முறையின் இடத்துக்குக் கம்போஸ் என்ற புதிய முறை வந்தது. ஆனால் பழையதை வைத்து எழுதியதும் இன்னும் ஓடுகிறது. நமக்கு வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ் பில் பற்றியும் சொல்ல வேண்டும், கடைக்காரர்கள் கேட்பது அதைத்தான். விலை குறைந்த தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது. "துவரம் பருப்பு" என்று அனுப்பினால் கேள்விக்குறிகளோ கிறுக்கலோதான் வரும். எழுத்தைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மிமீ பேப்பரில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள், அதாவது 48 பைட். கோட்லினில் ஒரு பிட்மேப் படத்தில் எழுத்தை வரைந்து, கறுப்பு வெள்ளையாக்கி, அப்படியே பிரிண்டருக்குத் தள்ளிவிடலாம். பழைய கோர்டோவா ஆப்பில் இதே வேலை கேன்வாஸில் வரைந்து, பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக்கி, ஜாவாஸ்கிரிப்டுக்கும் நேட்டிவ் கோடுக்கும் நடுவே உள்ள பாலம் தாண்டி ப்ளகினுக்குப் போய், அங்கே மறுபடி படமாகி, பிறகு பிரிண்டருக்குப் போனது. முப்பது ஐட்டம் உள்ள பில்லுக்குக் கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஃப்ளட்டரிலும் படமாக வரைவது சுலபம்தான், எழுத்து அழகாகவே வரும். ஆனால் பிரிண்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க மறுபடியும் ஒரு ப்ளகின்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜெரோதாவின் கைட் ஆப் நேட்டிவில் தொடங்கி, ரியாக்ட் நேட்டிவுக்குப் போய், அங்கிருந்து ஃப்ளட்டருக்கு வந்தது. பங்குச் சந்தை ஆப்பையே அதில் ஓட்டுகிறார்கள் என்றால் பலம் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அதே சமயம் தங்குமிடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி 2018-ல் ரியாக்ட் நேட்டிவை விட்டு நேட்டிவுக்குத் திரும்புவதாக அறிவித்தது. இரண்டு இடத்திலும் சொந்தமாகப் பொறியாளர் படை உண்டு, ப்ளகின் உடைந்தால் தாங்களே எழுதிக்கொள்வார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் எங்களைப் போன்ற கடைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஃப்ளட்டரில் நாங்கள் செய்து பார்த்தது ஆர்டர் எடுக்கும் திரைகளின் மாதிரி மட்டும்தான். எழுத எழுத நன்றாகவே இருந்தது, அந்த ஆர்டர் பட்டியல் கம்போஸில் எழுதியதைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஆனால் ஃப்ளட்டர் ஆப் ஒன்றை நான்கைந்து ஆண்டு சுமந்த அனுபவம் எனக்கு இல்லை. மேலே பராமரிப்பு பற்றிச் சொன்னதில் கோர்டோவா பங்கு நேரில் பட்டது, ஃப்ளட்டர் பங்கு பாதி கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஓஎஸ் பக்கமும் என் கை அதிகம் படியவில்லை. கோட்லின் கோடையே ஐபோனிலும் ஓட்டும் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலையான பதிப்பாக வந்துவிட்டது. முதலாளிகளின் ஐபோனுக்கும் ஆப்தான் வேண்டும் என்று ஏஜென்சிகள் பிடிவாதம் பிடித்தால் முதலில் அதைத்தான் பார்ப்போம், பில் கணக்கு போடும் கோடு அப்படியே இருக்கும்.

முதல் நாளிலிருந்தே இரண்டு போனிலும் வேண்டும், கருவி எதையும் தொடப் போவதில்லை, திரையும் ஃபார்மும் பேமென்டும்தான் வேலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஃப்ளட்டர் என்பேன். டியூஷன் சென்டர் ஆப், ஹோட்டல் ஆர்டர் ஆப், ஜவுளிக்கடை கேட்லாக் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவற்றுக்கு நேட்டிவில் இரண்டு தடவை எழுதிக் காசைக் கரைப்பதில் அர்த்தமில்லை. வெப்சைட்டையே ஆப்பாக மாற்றினால் போதும் என்பவர்களுக்குக் கோர்டோவா வகையைச் சேர்ந்த கப்பாசிட்டர் இருக்கிறது.

பிரிண்டர், தராசு, ஸ்கேனர், பின்னணியில் ஓடும் ஜிபிஎஸ் என்று ஏதாவது ஒன்று இருந்தும் ஹைப்ரிட்தான் என்று முடிவெடுத்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் எந்தெந்த ப்ளகின் போடப் போகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாக எப்போது ரிலீஸ் ஆனது என்ற தேதி இருக்கும். ஒன்றரை வருடமாக அசையாமல் கிடக்கிறது என்றால், அடுத்த ஆகஸ்டில் அது உடைந்தால் யார் திருத்துவார், அதற்குத் தனிக் காசா என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.